குலத் தயிர்

மந்தைவெளியில் அதிகம் பேசப்பட்ட வயிறு பத்ரிநாராயணனுடையது. பல்வலிக்கு விழுங்கிய மாத்திரைகள் பல்லை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டன. பத்து நாள் அவர் கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவே குடித்தனம் நடத்தினார். "மாத்திரை நல்ல கிருமியையும் சேர்த்து அடிச்சிருக்கும். தயிர் சாதம் சாப்பிடுங்க, உதவலாம்" என்றார் டாக்டர். சாப்பிட்டார், எழுந்து நடந்தார்.

நன்றியுள்ள மனிதர். டாக்டரின் 'உதவலாம்' அவர் வாயில் 'உயிர் காத்தது' ஆகி, ஒரே மாதத்தில் 'குலத் தயிரின் மகிமை' என்ற சொற்பொழிவாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்ன அரங்கம். வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு டப்பி உறை மோர். ஒட்டுவதற்கு நாற்பது சீட்டும் அச்சாகியிருந்தது: 'ஐந்து தலைமுறையாக அறுபடாத கும்பகோணத்து உறை.'

சனிக்கிழமை காலை, சமையல் வேலைக்கு வரும் ஆரோக்கியமேரி பெரிய பாத்திரத்தில் பாலைக் காய்ச்சி ஆறவைத்துக்கொண்டிருந்தாள். பத்ரிநாராயணன் சமையலறை வாசற்படியில் நின்று ஒத்திகை பார்த்தார்.

"எங்க கொள்ளுத்தாத்தா ரயில்ல மடியில வச்சுண்டு வந்த உறை. இன்னிக்கு வரைக்கும் உயிரோட இருக்கு."

"அது போன வருசமே பூட்ச்சு சார்."

"என்னது?"

"நீங்க பொண்ணு வூட்டுக்கு அமெரிக்கா போனீங்கல்ல, பிரிட்ஜை அணைச்சுட்டு. வந்து பாத்தா கிண்ணத்துல பச்சையா பூத்துக் கீது. அம்மா கேட்டாங்கன்னு எங்கூட்லேர்ந்து எடுத்தாந்தேன்."

அவர் தன் மனைவி வைதேகியைப் பார்த்தார். வைதேகி கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள்.

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா தொட்டிருப்பேளா?"

தொட்டிருக்க மாட்டார். எழுந்து நடந்திருக்கவும் மாட்டார்.

"உங்காத்துல... கடைத் தயிரா?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க. எங்கம்மா சிந்தாதிரிப்பேட்டைல வச்சிருந்த உறை. கூவம் ஓரத்து வூட்டை இடிச்சு பெரும்பாக்கத்துக்கு அனுப்பினப்போ, லாரில மடிமேலயே வச்சுக்கினு போனேன். பால் வெதுவெதுன்னு கீது, ஊத்தட்டா?"

"ஊத்து" என்றார். குரல் இறங்கியிருந்தது.

அன்று மாலை முழுக்க ஒவ்வொரு சீட்டிலும் கும்பகோணத்தை அடித்துவிட்டு எழுதினார்: 'ஆரோக்கியமேரி, பெரும்பாக்கம்.' இருபதாவது சீட்டில் மணிக்கட்டு வலித்தது. அச்சகத்துக்கு மறுபடி ஓடலாமே என்றாள் வைதேகி. அவர் கேட்கவில்லை.

மறுநாள் ஒரு மணி நேரச் சொற்பொழிவு பத்து நிமிடத்தில் முடிந்தது. "எனக்கு ஒத்துண்டது. உங்களுக்கு ஒத்துக்குமான்னு டாக்டரைக் கேளுங்கோ. கொடுத்தவ பேர் டப்பி மேல இருக்கு." அவ்வளவுதான். பட்டுப்புடவைக்காரி ஒருத்தி சீட்டைப் படித்து, "பெரும்பாக்கமா?" என்று டப்பியைச் சூடுபட்டது போல் திரும்ப வைத்தாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் வைத்தார்கள்.

திங்கட்கிழமை ஆரோக்கியமேரி பிரிட்ஜைத் திறந்தாள். பதினோரு டப்பி.

"இன்னா சார், மீந்துபூட்ச்சா?"

"மீந்ததாவது. எனக்குன்னு எடுத்து வச்சுண்டேன்."

பன்னிரண்டாவது, காலி, அவர் கையில் இருந்தது. கரண்டியை வழித்து நக்கிவிட்டு, அடுத்ததற்குக் கையை நீட்டினார்.