குழாய்க்காரர் வீட்டுக் கார்

காருக்கடியில் சொட்டுச் சொட்டாக விழுவதை முதலில் பார்த்தது நர்ஸம்மாதான். பார்த்தது ஞாயிற்றுக்கிழமை காலையில். அந்தக் காரை அவள் திங்கட்கிழமை எட்டரை மணிக்கு சுகாதார ஆபீஸ் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற புது வேலை. சொந்த வண்டி இருந்தால்தான் அந்த வேலை, அதுவும் வண்டியை அவர்கள் பார்த்து, சரி என்று சொன்னால்தான். வண்டி வரவில்லையா, பட்டியலில் அடுத்த பேரைக் கூப்பிட்டுவிடுவார்கள். பதினோரு வருஷமாகத் தீக்காய வார்டில் கிடந்து, கனவில்கூட மருந்து வாடை அடிக்கிற அளவுக்கு வந்துவிட்டவளுக்கு, அந்த வண்டி வெறும் வண்டியா?

வண்டியும் லேசுப்பட்டதில்லை. அவளுடைய சித்தப்பா ஓட்டித் தள்ளிவிட்டு, "இனி நீ வச்சுக்கோம்மா" என்று தாராள மனசோடு கொடுத்தது. தாராளம் எதற்கு வந்தது என்று இப்போதல்லவா தெரிகிறது!

குனிந்து பார்த்தாள். எஞ்சின் பக்கத்தில், டேங்கிலிருந்து வரும் இரும்புக் குழாய்க்கும் பம்புக்கும் நடுவே விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் ஹோஸ். அது வெடித்து, வெடிப்பிலிருந்து பெட்ரோல் கசிந்துகொண்டிருந்தது.

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்க" என்றாள் வீட்டுக்காரரிடம்.

வீட்டுக்காரர் அந்தத் தெருவுக்கே குழாய்க்காரர். மேல்தொட்டியிலிருந்து சாக்கடை வரைக்கும் எந்த வீட்டில் எது கசிந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்து, மனைவியை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒழுகுறது என்ன? குழாய். குழாய் ஒழுகுனா அது யாரு தொழில்? என் வீட்டு வாசல்லயே இன்னொருத்தன் வந்து குழாய் மாத்திட்டுப் போனான்னா, நாளைக்கு எவன் என்னைக் கூப்பிடுவான்?"

"அதுல ஓடுறது பெட்ரோலுங்க."

"எது வேணா ஓடட்டும். அடைக்கிறது நம்ம வேலை."

மாமியார் அதற்குள் நாற்காலியை இழுத்து வாசலில் போட்டுக்கொண்டாள். "எம்புள்ள கை வச்ச எடத்துல இதுவரைக்கும் ஒரு சொட்டு விழுந்ததுண்டா?" என்று எதிர்வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டாள். பாத்ரூம் குழாய்க்கடியில் மூன்று மாசமாக ஒரு வாளி இருக்கிறது. 

குழாய்க்காரர் முதலில் வெள்ளை டேப்பை எடுத்தார். தண்ணீர்க் குழாய் மரைக்குச் சுற்றுகிற அதே டேப். ஒரு சுருள் முழுவதையும் அந்த விரல் நீள ஹோஸுக்குச் சுற்றினார். வார்டில் இப்படிக் கட்டுப் போட்டிருந்தால் டாக்டர் அவளை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். குழாய்க்காரர் எஞ்சினை ஓட்டச் சொன்னார், ஓட்டினாள். கட்டு நனைந்து, முன்பு ஒரு இடத்தில் சொட்டியது இப்போது நாலு இடத்தில் சொட்டியது.

"பாத்தியா, எங்க ஓட்டைன்னு கண்டுபுடிச்சாச்சு" என்றார்.

அது அவளுக்குக் காலையிலேயே தெரியும் என்று சொல்லி என்ன ஆகப்போகிறது?

அடுத்தது தொட்டி விரிசலுக்குப் பூசுகிற பசை. அப்பு அப்பென்று அப்பினார். ஒரு மணி நேரம் காயணும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் இட்லி சாப்பிட்டார், கொஞ்சம் தூங்கினார், எழுந்து வந்து பார்த்தார். காய்வதாவது! பெட்ரோல் பட்டு அந்தப் பசை சளி மாதிரி வழிந்து தரையில் கிடந்தது. எதிர்வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அண்ணே, எதுக்கும் ஒரு மெக்கானிக்..." என்று ஆரம்பித்தார். குழாய்க்காரர் முறைத்த முறைப்பில் மனிதர் வாக்கியத்தை முடிக்காமலே வீட்டுக்குள் போய்விட்டார்.

"பசை பழசு" என்றார் குழாய்க்காரர். "சரி, இனிமே வெளையாட்டில்ல."

அவள் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு வருவதற்குள் அவர் பழைய ஹோஸைக் கழற்றி எறிந்திருந்தார். குழாயிலிருந்து பெட்ரோல் தாராளமாகத் தரைக்கு வந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் டியூப் ஒன்றைத் தன் பையிலிருந்து எடுத்து, அளவுக்கு வெட்டி வைத்திருந்தார். அது இரும்புக் குழாய்க்குக் கொஞ்சம் இறுக்கம். டியூப் நுழையவில்லை என்றால் குழாய்க்காரர்கள் என்ன செய்வார்கள்? நுனியை நெருப்பில் காட்டி இளக்கி, சூட்டோடு சூடாக மாட்டுவார்கள். இருபது வருஷமாக அவர் கை தானாகச் செய்கிற வேலை. ஒரு கையில் டியூப், மறு கையில் லைட்டர், காலடியில் பெட்ரோல் குட்டை.

கட்டைவிரல் லைட்டரின் சக்கரத்தில் இருந்தது.

அவள் கத்தவில்லை. ஒரே எட்டில் பாய்ந்து லைட்டரைப் பிடுங்கி, கேட்டுக்கு வெளியே தெருவில் விட்டெறிந்தாள். 

"உங்களுக்கு மூளை இருக்கா? பதினோரு வருஷமா நான் யாருக்குக் கட்டுப் போடுறேன்னு நெனைச்சீங்க? உங்களை மாதிரி ஆளுங்களுக்குத்தான்! 'தெரியாம பத்த வச்சிட்டேன் சிஸ்டர்'னு ஒவ்வொருத்தரும் சொல்லுவாங்க. நாளைக்கு உங்களுக்கும் நான்தான் கட்டணுமா? அத்தை அங்க உக்காந்திருக்காங்களே, கண்ணு தெரியலையா?"

மாமியார் நாற்காலியைச் சத்தமில்லாமல் நாலடி பின்னால் நகர்த்திக்கொண்டாள்.

குழாய்க்காரர் முகம் சிவந்துவிட்டது. தப்பு செய்துவிட்டோம் என்பதால் இல்லை, தெரு பார்த்துவிட்டதே என்பதால். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "இவ்வளவு கஷ்டப்பட்டு அந்த வேலை உனக்கு எதுக்கு? பேசாம பழைய வார்டுலயே இருந்துட்டுப் போயேன். இந்த ஓட்டை வண்டிய வச்சிக்கிட்டு..."

அடப்பாவி மனுஷா! ஒரு விரல் நீள ரப்பர் தன்னால் ஆகவில்லை என்று ஒத்துக்கொள்வதைவிட, பெண்டாட்டி இன்னும் பதினோரு வருஷம் வெந்த உடம்புக்குக் கட்டுப் போடட்டும் என்கிறாரே!  

"தள்ளுங்க" என்றாள்.

குழாய் வாயை ஒரு பென்சில் துண்டால் அடைத்தாள். பேட்டரி ஒயரைக் கழற்றினாள். குட்டைக்கு மண்ணள்ளிப் போட்டாள். வெடித்த ஹோஸைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு, முக்கு ரோட்டு உதிரிபாகக் கடைக்கு நடந்தாள். கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கியிருந்தார்.

"வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கம்மா, வெவரம் கேக்கணும்."

"வெவரம் இந்த டப்பாவுல இருக்கு. இதே அளவு, பெட்ரோலுக்குன்னே உள்ள ஹோஸ், ரெண்டு கிளிப். வீட்டுக்காரர் வந்தா உங்க கடைக்குத்தான் ஆபத்து."

கடைக்காரர் சிரித்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். பழைய கிளிப்பை மறுபடி போடாதீங்க, குழாய் நுனியில துரு இருந்தா துடைச்சிட்டு மாட்டுங்க என்று அவராகவே சொன்னார்.

திரும்பி வந்து துடைத்தாள், மாட்டினாள், இரண்டு பக்கமும் கிளிப்பை முடுக்கினாள். மெல்லிய டியூபை நரம்பில் ஏற்றிப் பழகிய விரல்களுக்கு இது ஒரு வேலையா? பேட்டரியை இணைத்து, எஞ்சினை அரை மணி நேரம் ஓடவிட்டு, அடியில் பழைய பேப்பரை விரித்துப் பார்த்தாள். பேப்பர் காய்ந்தபடியே இருந்தது. குழாய்க்காரர் அந்த நேரம் முழுக்க மொட்டைமாடித் தொட்டியில் ஏதோ அவசர வேலையாக இருந்தார்.

திங்கட்கிழமை காலை ஏழே முக்கால். நர்ஸம்மா வெள்ளைச் சேலை கட்டி, பையோடு வாசலுக்கு வந்தாள். குழாய்க்காரர் காரின் மேல் கை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர், "என்னண்ணே, வாடையே இல்லை?" என்று கேட்க, பதிலை மாமியார் சொன்னாள்.

"நேத்து அப்புன பசை இப்பத்தான் புடிச்சிருக்கு. எம்புள்ள போட்டது நின்னு பேசும்ல!"

நர்ஸம்மா வீட்டுக்காரரைப் பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பசைக்கு டைம் கொடுக்கணும்" என்றார்.

அவள் பையைக் கீழே வைத்தாள். பானட்டைத் திறந்தாள். ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கிளிப்பில் வைத்தாள்.

"என்ன பண்றே?"

"உங்க பசைதான் புடிச்சிருச்சே. நடுவுல எதுக்கு என் ஹோஸு? கழட்டிடறேன்." ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"ஏய், மணி ஆகுது! எட்டரைக்குப் போகணும்ல?"

"ஆகட்டும்." இன்னொரு சுற்று.  வேலை போனாலும் போகட்டும், இந்தப் பொய்யின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு போவதாக இல்லை.

"கழட்டாதே!"

"ஏன்?"

"ஒழுகும்."

"ஏன் ஒழுகும்?"

குழாய்க்காரர் தெருவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "நீ மாட்டுனதுதான் நிக்குது" என்றார் வாய்க்குள்ளேயே.

"அத்தைக்குக் கேக்கலையாம்."

"நீதான்டி மாட்டுன! நான் போட்டது எதுவும் நிக்கல! போதுமா?"

எதிர்வீட்டுக்காரர் சட்டென்று செடிக்குத் தண்ணீர் விட ஆரம்பித்தார். அவர் கையில் இருந்தது காலி வாளி. மாமியார் மகனையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப முடுக்கிட்டுக் கெளம்பும்மா, நேரமாகுது" என்றாள்.

முடுக்கினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். எட்டு இருபத்தைந்துக்கு ஆபீஸ் வாசலில் நிறுத்தினாள். பரிசோதிக்க வந்தவர் பானட்டைத் திறந்து, புது ஹோஸைத் தொட்டுப் பார்த்து, "நல்லாத்தான் போட்டிருக்கு. யாரு போட்டது, வீட்டுக்காரரா?" என்று கேட்டார்.

"இல்ல சார், நான்" என்றாள். அவர் 'வண்டி சரி' என்று எழுதிக்கொண்டார்.