தாத்தாவின் முதல் காகிதம்

அமெரிக்காவின் ஸ்க்ரான்டன் நகர நீதிமன்றப் பதிவறைக்குள் என் சித்தப்பா ஒட்டாவியோ, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு காகிதத்தை மாதா படம்போல ஏந்தி வந்தார். இத்தாலியிலிருந்து வந்த தாத்தா அமெரிக்கக் குடிமகனானதற்கு அத்தாட்சி என்று, ஞாயிறுதோறும் பாஸ்தாவோடு சேர்த்து எங்களுக்கு ஊட்டப்பட்ட காகிதம் அது.

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியே எங்கப்பா அமெரிக்கக்காரர்!" என்பார்.

அந்தப் பெருமைதான் இப்போது அவர் மகள் ரெனாட்டாவின் கழுத்தை நெரித்தது. இத்தாலியில் அவளுக்கு ஒரு வேலை காத்திருந்தது. அதற்கு இத்தாலியக் குடியுரிமை வேண்டும். அன்றைய விதிப்படி, சித்தப்பா பிறந்தபோது தாத்தா இத்தாலியராகவே இருந்திருந்தால்தான் அது கிடைக்கும். தாத்தா குடிமகனான தேதியைக் கேட்கத்தான் வந்திருந்தோம்.

"அப்பா, அதைப் பைக்குள்ள வைங்களேன்."

"ஏன், திருடிட்டா வந்தோம்?"

ஊழியப் பெண் அதை வாங்கி வரிவரியாகப் படித்தாள். ரெனாட்டாவின் நகம் என் கையில் பதிந்தது.

"சார், இது குடிமகனாக ஆசைப்படறேன்னு கொடுத்த முதல் காகிதம்தான். பிரமாணம் எடுத்தாத்தான் குடிமகன். அதை எப்ப எடுத்தார்னு பாக்கணும்."

அவள் உள்ளே போனாள்.

திரும்பி வந்தவள் சொன்னாள்: "அவர் பிரமாணம் எடுத்தப்ப உங்களுக்கு நாலு வயசு."

ரெனாட்டா அழுதுகொண்டே என்னைக் கட்டிக்கொண்டாள். சித்தப்பா பெஞ்சில் சரிந்தார்.

"அப்ப நான் இத்தாலிக்காரன் புள்ளையா?"

அடுத்த ஞாயிறும் காகிதம் சித்தப்பா வீட்டுச் சுவரில் அதே ஆணியில்தான் தொங்கியது.

"எங்கப்பா தாய்நாட்டை லேசுல விட்டுடல," என்றார் சித்தப்பா, பாஸ்தாவைச் சுழற்றியபடி. "நான் பொறந்தப்புறமும் நாலு வருஷம் யோசிச்சாரு!"