மாமனாரின் அனுமதி பட்டன்

மாமனாரின் கடைக் கணினியிலிருந்து வாடிக்கையாளர் விவரமெல்லாம் எவனுக்கோ போய்ச் சேர்ந்திருந்தது. கணினி பழுதுபார்க்கும் மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார்.

"கம்ப்யூட்டர விட்டு எது வெளிய போனாலும் உங்களக் கேட்டுட்டுத்தான் விடுற மாதிரி பயர்வால்னு ஒரு காவல் போட்டுக் குடுத்தேனே, மாமா?"

"கேட்டுச்சு மாப்ள. சும்மா நைநைன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. 'அனுமதி' பட்டன அமுக்கினாத்தான் வாய மூடுச்சு."

"என்ன கேக்குதுன்னு படிச்சீங்களா?"

"அதுக்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கு?"

மாப்பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணம் நிச்சயமான பிறகும், மகளை இவரோடு ஒரு காபி குடிக்க அனுப்பச் சொன்னதற்கு ஆயிரம் கேள்வி கேட்ட மனிதர். கடைசிவரை அனுப்பவும் இல்லை.

"கேள்வி வர்ற எடத்துல என் போட்டோவ ஒட்டிட்டுப் போறேன், மாமா. மூஞ்சியப் பாத்ததும் கை தானா 'மறுப்பு'க்குப் போயிடும்."