வெருளி போட்டிருந்த சட்டை

மலையாள ஆட்சியில் இருந்த தங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போனவர்களில் தாணம்மாளின் கணவன் சுயம்புலிங்கமும் ஒருவன். ஊர்வலத்தின் மேல் போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்; அவன் மட்டும் வரவில்லை. காயம்பட்ட சிலரை நெய்யூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சேதி கிடைத்ததும் அவள் விடியும் முன்பே நடக்கத் தொடங்கினாள்.

வழியில் கதிர் முற்றிய ஒரு வயல். குருவிகளை விரட்டக் கைகளை விரித்துக்கொண்டு நடுவில் வைக்கோல் வெருளி நின்றது. அது போட்டிருந்த நீலக் கட்டச் சட்டையைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தோளில் சிவப்பு நூலால் போட்ட தையல். அவளே தைத்தது. செத்தவர்களின் உடுப்பை வெருளிக்கு மாட்டுவதை அவள் கண்டிருக்கிறாள். கதிரை விலக்கிக்கொண்டு ஓடி, குண்டு பட்ட ஓட்டை இருக்கிறதா என்று சட்டையை முன்னும் பின்னும் தடவினாள். வைக்கோல்தான் கையில் குத்தியது.

வயல்காரர் ஞானதாசன் சத்தம் போட்டபடி வந்தார். அவள் யாரென்று தெரிந்ததும் குரல் இறங்கியது.

"பயப்படாண்டாம் மக்கா. ஒன் மாப்பிள சொவமாத்தான் இருக்கான்."

நீலச் சட்டைக்காரனைப் பிடிக்கப் போலீஸ் துரத்தியதாம். ஓடி வந்தவனுக்கு வெருளியின் கந்தலைக் கொடுத்துவிட்டு, அவன் சட்டையை வெருளிக்கு மாட்டியிருக்கிறார். அவன் வாழைத்தோட்டத்துக்குள் பதுங்கவும் போலீஸ்காரன் வந்து சேரவும் சரியாக இருந்தது. வடக்கே எங்கிருந்தோ புதிதாக வந்த மலையாளத்து ஆள். வயலில் நிற்பது யாரென்று கேட்டான். வெருளி என்றார் இவர். அந்தச் சொல் அவனுக்குத் தெரியாது, ஆள் பேர் என்று நினைத்துவிட்டான்.

"'எடோ வெருளி, இவிடெ வாடோ'ன்னு தொண்டை கிழிய விளிச்சான். அது வருமா? அடிக்கக் கம்ப ஓங்கிட்டுப் போனான். கிட்டப் போய்ப் பாத்தவன், புல்லு பறிச்ச பொம்பளையளெல்லாம் சிரிச்ச சிரிப்புல திரும்பிப் பாக்காமப் போயிட்டான்."

இரவோடு இரவாகச் சுயம்புலிங்கத்தை ஆரல்வாய்மொழி வழியாக எல்லை தாண்டி வள்ளியூருக்கு, தன் மைத்துனன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். போய்ச் சேர்ந்த சேதியும் நேற்றே வந்துவிட்டது.

தாணம்மாள் வரப்பில் உட்கார்ந்து சிரித்தாள், அப்படியே அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவிய ஏதாவது தின்னாவளா?" என்று கேட்டாள்.

"மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும். சட்டிய வழிச்சுத் தின்னான்."

அப்போதுதான் அவளுக்குத் தன் வயிறு காய்ந்து கிடப்பது தெரிந்தது. இன்றைக்கும் கிழங்கு அவித்திருக்கிறதா என்று கூச்சமில்லாமல் கேட்டாள்.