பயத்துக்கு ஏற்ற கதை

கோபமாக இருந்தால் சர்பரி டிவியில் ஜமீன் வீட்டு விஷக் கொலையைப் போடுவாள். மனசு கனத்துக் கிடந்தால் டார்ஜிலிங் வைரத் திருட்டு. துப்பறிவாளர் அம்பர் சன்யால் தொடரின் நாற்பத்திரண்டு கதைகளும் அவளுக்கு மனப்பாடம். கொலைகாரன் யாரென்று தெரிந்துகொண்டு பார்ப்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி. ஆனால் மழை பிடித்துக்கொண்ட அந்த மத்தியானம், பவானிப்பூர் வீட்டு மாடியில், எதைப் போடுவதென்றே தெரியவில்லை. பயத்துக்கு ஏற்ற கதை அவளிடம் இல்லை.

மறுநாள் நீதிமன்றத்தில் அவள் சாட்சி சொல்ல வேண்டும். கீழ் வீட்டுத் தாரக் சமாதார் தன் அண்ணனை மாடிப்படியிலிருந்து தள்ளியதை அவள் ஒருத்திதான் பார்த்திருந்தாள். அண்ணன் செத்துப்போனார். ஜாமீனில் வந்த தாரக், அதே கீழ் வீட்டில்தான் இருந்தான்.

"ரயில் கொலை போடட்டுமா?" என்றார் கணவர் நீலோத்பல்.

"வேணாம். அதுல டிக்கெட் பரிசோதகர் கொலையைப் பாத்துடுவாரு. அடுத்த ஸ்டேஷன் வர்றதுக்குள்ள அவரு பொணம்."

"அப்போ நாடகக் கம்பெனி?"

"அதுல வேலைக்காரி பாத்துடுவா."

"எவனும் பாக்கலேன்னா சன்யாலுக்கு என்ன வேலை?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் யாருமே சாகாத வெள்ளிச் சிலைத் திருட்டைப் போட்டுவிட்டு, அவர் குடையோடு மருந்துக் கடைக்கு இறங்கினார்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, கதவு தட்டப்பட்டது. எதையோ மறந்துவிட்டுத் திரும்பியிருப்பார் என்று திறந்தாள். தாரக் நின்றிருந்தான், கையில் ஆவி பறக்கும் கத்தரிக்காய் பஜ்ஜித் தட்டோடு.

"மழைக்கு நல்லா இருக்கும், அண்ணி. நீங்க பேசறதெல்லாம் கீழ வரைக்கும் கேக்குது. எனக்கு அந்த நாடகக் கம்பெனி கதைதான் பிடிக்கும். பாவம் அந்த வேலைக்காரி, வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்."

தட்டை அவள் கையில் திணித்தான்.

"படி வேற வழுக்குது. நீலோத்பல் அண்ணன் குடையோட இறங்குனதைப் பாத்தேன். வயசான மனுஷன்."

அவன் போனதும் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் பால்கனிக்கு ஓடினாள். தெருவுக்கு அந்தப் பக்கம் நீலோத்பலின் குடை தெரிந்தது. அவர் தெருவைக் கடந்து வாசலில் நுழைந்ததும் கதவைத் திறந்து, ஒவ்வொரு படியாக ஏறி வரும் வரை மாடிப்படி முனையிலேயே நின்றாள்.

விஷயத்தைக் கேட்டவர் வெளிறிப்போனார். "உடம்பு சரியில்லேன்னு வக்கீல்கிட்ட சொல்லிடறேன். நீ போக வேணாம்."

சரி என்று சொல்லத்தான் வாய் துடித்தது. "போகலேன்னா மட்டும்?" என்றாள். "நாம இதே படியிலதானே ஏறி இறங்கணும்?"

மறுநாள் கூண்டில் அவள் குடித்த தண்ணீரில் பாதி புடவையில் கொட்டியது. பார்த்ததைச் சொன்னாள். பிறகு யாரும் கேட்காமலே பஜ்ஜித் தட்டைப் பற்றியும் சொன்னாள்.

தாரக்கின் வக்கீல் எழுந்தார். "பஜ்ஜி குடுத்தது குத்தமா, கனம் நீதிபதி அவர்களே?"

எல்லோரும் சிரித்தார்கள். சர்பரி கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தாரக் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் அப்படியே திருப்பிச் சொன்னாள். வேலைக்காரி, வழுக்கும் படி, வயசான மனுஷன். சிரிப்பு அடங்கிவிட்டது. நீதிபதி நெடுநேரம் எழுதினார். அன்றே ஜாமீன் ரத்தானது.

போலீஸார் கூட்டிப்போகும்போது தாரக் ஒரே ஒரு தடவை திரும்பி அவளைப் பார்த்தான். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகும் அவள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வர மேலும் இரண்டு வருஷம் ஆனது.