நாலு நாள் பழசு

இரண்டாவது தடவையாக ரத்தம் எடுக்க நர்ஸ் வந்து நின்றபோது, கிரேன்காரர் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டே, "இப்பதானம்மா எடுத்துட்டுப் போனீங்க, அதுக்குள்ள தீந்துபோச்சா?" என்று கேட்டார். நர்ஸ் சிரிக்கவில்லை. "மூணு மணி நேரம் விட்டு இன்னொரு தடவ பாக்கணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. ஏறுதா இறங்குதான்னு தெரியணுமாம்" என்று சொல்லி, முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையை இறுக்கினாள். எது ஏறவேண்டும், எது இறங்கவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. பக்கத்து முக்காலியில் உட்கார்ந்திருந்த மனைவிதான் கேட்க நினைத்தாள். ஊசி உள்ளே போனதும் வாய் வரவில்லை. இருபது வருஷமாகத் தையல் மிஷினில் உட்காருகிறவள்; விரலில் ஊசி ஏறி ரத்தம் பார்ப்பது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் அந்தச் சின்னக் குழாய் நிறையும்வரை அவள் ஜன்னல் பக்கம் பார்த்திருந்தாள்.

அன்று புதன்கிழமை. காலையில் பால் வாங்கிக்கொண்டு மாடியேறியவர் இரண்டாவது மாடித் திருப்பத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஐம்பது மீட்டர் உயரத்தில் தொங்கும் கிரேன் கூண்டுக்கு ஏணி பிடித்தே ஏறிப்போகிற மனுஷன், பத்துப் படிக்கு மூச்சு வாங்கினார். "வாயு" என்றார். நெற்றியில் வேர்வை முத்துமுத்தாக நின்றது. அவள் ஒரு பேச்சும் கேட்காமல் ஆட்டோ பிடித்துக் கூட்டி வந்துவிட்டாள். நாலைந்து நாளாகவே அவர் சரியில்லை. தட்டில் சோற்றை அளைந்துவிட்டு எழுந்தார். கூப்பிட்டால் மூன்றாவது குரலுக்குத்தான் திரும்பினார். காரணம் தனக்குத் தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள்.

சனிக்கிழமை அவளுடைய தம்பிக்கு அடிபட்டது. தான் கிரேன் ஓட்டும் கட்டிடத்திலேயே அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே இவர்தான். இவர் மேலே கூண்டுக்குள்; அவன் கீழே, கையில் வயர்லெஸ்ஸோடு, 'மெதுவா, மெதுவா, நிறுத்து' என்று சொல்லிச் சுமையை இறக்க வைப்பவன். ஆறு வருஷமாக அவன் வாய்தான் இவருக்குக் கண். அன்றைக்குக் கம்பிக் கட்டு நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் இறங்கி, அவனுடைய இடது கையில் இரண்டு விரலைக் கொண்டுபோய்விட்டது. காற்று தள்ளிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். பிறகு ஆபீசில் காற்று அளக்கும் கருவியின் பதிவை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சனிக்கிழமை முழுக்கக் காற்றே இல்லை. அதிலிருந்து எல்லோர் விரலும் கீழே நின்றவன் பக்கம் திரும்பிவிட்டது.

டாக்டரம்மா இரண்டு தாள்களோடு வந்தபோது மணி மூன்றரை. சின்ன வயசு, தூக்கமில்லாத கண். "வலி எப்ப வந்துச்சு?" என்று கேட்டாள்.

"காலைலதாங்க. படியேறும்போது."

"அதுக்கு முன்னாடி?"

"இல்லையே."

டாக்டரம்மா தாளைத் திருப்பி மனைவிக்கும் தெரிகிற மாதிரி பிடித்தாள். "இதயத்துல கொஞ்சம் சதை செத்துப்போனா, அதுக்குள்ள இருக்கிறதெல்லாம் கசிஞ்சு ரத்தத்துல கலக்கும். ரெண்டு பொருள் பாத்திருக்கோம். ஒண்ணு சிகே-எம்பி. அது சீக்கிரம் ஏறி, ரெண்டு மூணு நாள்ல அடங்கிடும். உங்களுக்கு அது அடங்கியிருக்கு. இன்னொண்ணு ட்ரோபோனின். அது ஒரு வாரம், பத்து நாள் வரைக்கும் நிக்கும். அது இன்னும் நிறைய இருக்கு. ஆனா காலைல பாத்ததுக்கு இப்ப கொஞ்சம் குறைஞ்சிருக்கு. இன்னிக்கு வந்த அட்டாக்னா ரெண்டுமே ஏறிக்கிட்டே இருக்கணும்." ஒரு நொடி நிறுத்தினாள். "இது இன்னிக்கு வந்தது இல்லைங்க. மூணு நாலு நாள் பழசு."

கிரேன்காரர் கூரையைப் பார்த்தார்.

டாக்டரம்மா மனைவியைக் கதவு வரைக்கும் அழைத்துப் போனாள். நாளைக்கு இதயம் வரைக்கும் மெல்லிய குழாய் விட்டு அடைப்பைப் பார்க்கப்போகிறார்கள். ஒரு பக்கம் செத்திருக்கிறது; மிச்சம் இருப்பதுதான் இப்போது மொத்தச் சுமையையும் இழுக்கிறது. "இன்னிக்கு ஒரு நாள் கோபம், அழுகை, பதட்டம் எதுவும் கூடாதும்மா. துடிப்பு தாறுமாறா போச்சுன்னா எங்க கையில இல்ல. ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தான் உள்ள இருக்கணும்." சொல்லிவிட்டு வேகமாக நடந்து போனாள்.

அவள் கட்டிலுக்குத் திரும்பி வருவதற்குள் விரல் விட்டு எண்ணிவிட்டாள். புதன், செவ்வாய், திங்கள், ஞாயிறு. ஐந்தாவது விரலை மடக்காமல் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"சனிக்கிழமையா?" என்று கேட்டாள்.

அவர் நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "பதினோரு மணி இருக்கும். நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி. கை லீவர்மேலதான் இருந்துச்சு. விரல் என் பேச்சக் கேக்கல. அவன் நிறுத்து நிறுத்துன்னு கத்துறது காதுல விழுந்துச்சும்மா. நல்லா விழுந்துச்சு."

"ஏங்க சொல்லல?"

"அப்புறமா வலி விட்டுடுச்சு. நெஞ்சுவலின்னு சொன்னா கூண்ட மறந்துட வேண்டியதுதான். பத்தொன்பது வருஷம். சேஃப்டி ஆபீசர் வந்து, காத்தான்னு கேட்டாரு." கண்ணை மூடினார். "ஆமான்னு தலைய ஆட்டினேன். அவ்வளவுதான் பண்ணினேன்."

அவளுக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. முக்காலியைத் தூக்கிப் போட்டு உடைக்கவேண்டும் போலிருந்தது. தம்பி, பெற்றவர்கள் போனபின் அவள் தோளில் வளர்ந்த பிள்ளை. நாலு நாளாக வலி மாத்திரை போட்டும் தூங்காமல் கிடக்கிறான். அவள் தினமும் போய் அவனுக்குத் தலை வாரிவிட்டு வந்தாள். இந்த மனுஷன் ஆரஞ்சுப் பழம் வாங்கிக் கொடுத்தனுப்பினார். ஆனால் போர்வைக்குள் ஏறி இறங்கும் அந்த நெஞ்சைப் பார்த்தால் குரலை உயர்த்தப் பயமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போர்வையின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள்.

"அவன் வந்தா உள்ள அனுப்பு" என்றார் அவர். "நானே சொல்லிடறேன்."

அவள் முக்காலியை ஓசைப்படாமல் நகர்த்திவிட்டு நடைபாதைக்கு வந்தாள்.

நாலரைக்குத் தம்பி வந்துவிட்டான். கையில் பெரிய கட்டு. கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை. அவளை நடைபாதையிலேயே பிடித்துக்கொண்டான். "எப்படிக்கா இருக்காரு? எனக்கு அடிபட்டதுல மாமாவுக்கு நெஞ்சே நின்னுபோச்சு பாத்தியா. என்னைப் பாரு, இனிமே எட்டு வரைக்கும் எண்ணினாப் போதும், கணக்கு லேசாயிடுச்சு." அவள் சிரிக்காததைப் பார்த்து அவனும் அடங்கினான். பிளாஸ்டிக் உறையைக் காட்டினான். "நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீசுல இந்தத் தாள்ல கையெழுத்துப் போடணுமாம். நான் சிக்னல் தப்பாக் குடுத்தேன்னு எழுதியிருக்காங்க. போட்டாச்சுன்னா இந்த வேலைக்கு இனிமே எவனும் கூப்பிட மாட்டான். யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன்க்கா. நிறுத்துன்னு நான் சொன்னதாத்தான் ஞாபகம். ஆனா மாமா ஒரு தடவைகூடப் பெசகினதில்ல. அப்ப நான்தான் லேட்டாச் சொல்லியிருக்கணும், இல்லையா?"

தூங்குகிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் திரும்பிப் போய்விடுவான். நாளைக்குப் பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவான். மாமாமேல் துளிச் சந்தேகமும் இல்லாமல், தன்னையே திட்டிக்கொண்டு போடுவான். உள்ளே படுத்திருப்பவரும் பிழைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு வார்த்தை அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது.

அவள் தன் கழுத்தில் கிடந்த பார்வையாளர் அட்டையைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டினாள். நாடா அவன் காதில் சிக்கியது, எடுத்துவிட்டாள்.

"அவரு என்ன சொன்னாலும் சத்தம் மட்டும் போட்டுடாதடா. ஒன்னக் கையெடுத்துக் கும்பிடறேன்."

"மாமாகிட்ட நான் எதுக்குக்கா சத்தம் போடப்போறேன்?" என்று சிரித்தபடி அவன் உள்ளே போனான்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கதவில் ஒரு கை அகலத்துக்குக் கண்ணாடி. அதன் வழியே தம்பியின் முதுகு தெரிந்தது. அவனுடைய தோளுக்கு மேலே அவர் முகம் பாதி. உதடுகள் அசையத் தொடங்கின. சத்தம் எதுவும் வெளியே வரவில்லை. முதலில் தம்பி குனிந்து கேட்டான். பிறகு மெல்ல நிமிர்ந்தான். கட்டுப்போட்ட கையைக் கட்டில் கம்பியிலிருந்து எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் அசையவே இல்லை. அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

கட்டிலின் தலைமாட்டில் இருந்த திரையில் இதயத் துடிப்பைக் காட்டும் பச்சை எண் எண்பத்தெட்டு என்று இருந்தது. தொண்ணூற்றாறு ஆயிற்று. நூற்றுப் பத்து. நடைபாதையில், அதே எண் ஓடும் திரை வைத்த மேஜையில் எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் பேனாவை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினாள்.