தடித்த கைகள்

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த எண்பத்தேழு செப்டம்பரில், தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஒரு பஸ்ஸும் ஓடவில்லை. ரோடெங்கும் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். மாத்திரை தீர்ந்துபோய், தனசேகரனுக்கு அடங்கியிருந்த அரிப்பு திரும்பி வந்துவிட்டது. உடம்பெல்லாம் தடிப்பு. உதடும் வீங்கத் தொடங்கியதும் அவன் மனைவி மணிமொழி பயந்துபோய், கள்ளக்குறிச்சி டாக்டரிடம் அவனை நடத்தியே கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பாதி வழியில், மரங்களை ஒதுக்கிக்கொண்டே வந்த போலீஸ் வேன் மறித்தது.

இன்ஸ்பெக்டர் அவன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். முழுக்கச் சிவப்புக் கோடுகள். "மரம் இழுத்த கை. ஏத்துய்யா இவனை."

முந்தின நாள் அவன் மரம் இழுக்கப் போனது உண்மைதான். தலையெல்லாம் புளியஞ்சருகோடு வந்தவனுக்கு மணிமொழிதான் தண்ணீர் ஊற்றினாள்.

"ஐயா, அது தோல் வியாதிங்க. அழுத்திப் புடிச்சாவே தடிச்சிக்கும். டாக்டரைக் கேளுங்க!"

கான்ஸ்டபிள் அவனை இறுக்கிப் பிடித்து வேனில் ஏற்றினான். சற்று நேரத்தில் அந்த விரல்கள் பட்ட இடமெல்லாம் புடைத்து எழும்பியது. கான்ஸ்டபிள் தன் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான். இன்ஸ்பெக்டர் யோசித்தார். மணிமொழியையும் ஏற்றிக்கொண்டு வேன் டாக்டர் பொன்னுரங்கத்தின் வாசலில் போய் நின்றது.

டாக்டர் முதலில் வீக்கத்துக்கு ஊசி போட்டார். பிறகுதான் பேசினார்.

"தோலுக்கு அடியில சில செல்லுங்க இருக்கு சார். இவருக்கு லேசா சீண்டினாலே அது வெடிச்சி, உள்ள இருக்கிறதக் கக்கிடும். அதான் தடிப்பு. வெடிக்க வுடாம புடிச்சி வெக்கத்தான் இந்த மாத்திரை. நிறுத்தினா திரும்ப வந்துடும்."

"அப்ப மரம் இழுக்கலைன்னு எழுதித் தர்றீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

தனசேகரனின் புறங்கையில் மரப்பட்டை கிழித்திருந்த கீறலை டாக்டர் பார்த்துவிட்டார். மணிமொழி டாக்டரையே பார்த்தாள்.

"இவருக்கு எது பட்டாலும் இப்படித்தான் ஆவும். இழுத்தாரா இல்லையான்னு தோலைப் பாத்து சொல்ல முடியாது."

இன்ஸ்பெக்டர் தனசேகரனை விட்டுவிட்டு எரிச்சலோடு வேனில் ஏறிப் போனார்.

மாத்திரையோடு ஊர் திரும்பினால், பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் தெருவில் நின்றிருந்தாள். தனசேகரனோடு சேர்ந்து மரம் இழுத்த அவள் புருஷன் வீரமுத்துவைக் காலையிலேயே போலீஸ் பிடித்துப் போயிருந்தது.

"உங்க வூட்டுக்காரர் வந்துட்டாரு. எங்க வூட்டுக்காரரு?"

மணிமொழியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் தனசேகரன் சட்டையை மாட்டினான். "வீரமுத்துக்கு ஜாமீன் குடுக்கப் போறேன்."

"உன்னையும் புடிச்சி வெச்சிக்கினா இன்னா செய்யறது?"

"வெச்சிக்கட்டும்."

அவள் மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். தடுக்கவில்லை.